'கில்' எல்லாம் கொலை அல்ல: தமிழாக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 டிசம்பர் 16 அதிகாலை மலேசியாவின் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் உயிரிழந்தனர். இதுபோன்ற செய்திக்கு ஆங்கிலத் தலைப்பில் 'கில்ட்' (killed) என்ற சொல்தான் வரும். அதைப் பார்த்து '31 பேர் கொல்லப்பட்டனர்' என்று தமிழில் எழுதுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. ஆங்கில 'கில்' உயிர் போனதை மட்டும் சொல்கிறது. போக்கியது வெள்ளமாகவும் இருக்கலாம், லாரியாகவும் இருக்கலாம். தமிழில் 'கொல்லப்பட்டார்' என்றதுமே வாசகர் கொன்றவனைத் தேடுவார். மலாய் நாளிதழ்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே காக்கின்றன: விபத்துக்கு 'மாவுத்', ஆள் கொன்றால் 'டிபுனுஹ்'.

எனவே மொழிபெயர்க்கும் முன் யாரால் என்று கேளுங்கள். மனிதர் கை இல்லையென்றால் 'உயிரிழந்தார்', 'பலியானார்'. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. குண்டு வீசி மக்களை அழித்த செய்தியில் 'உயிரிழந்தனர்' என்று மென்மையாக எழுதினால், வீசியவன் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறான். அங்கே 'கொல்லப்பட்டனர்' என்றே எழுத வேண்டும்.

நீதிமன்றச் செய்தியில் இன்னும் கவனம் தேவை. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்குரிய தண்டனை 302ஆவது பிரிவில் இருக்கிறது. கொலை என்ற அளவை எட்டாத மரணம் விளைவித்தலுக்கு 304. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு 304ஏ. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒருவர் அபாயகரமாகக் காரோட்டி இன்னொருவர் இறந்தால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவு வரலாம். இவற்றில் 302 தவிர மற்ற எதற்கும் 'கொலைக் குற்றச்சாட்டு' என்று தலைப்பிடுவது தப்பு. குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமும் அதைப் படிக்கும்.

'கில்' என்பது தமிழ்க் 'கொல்'லிலிருந்து போனது என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி உலவுகிறது. ஆசையாகக் கேட்கலாம், ஆனால் சான்று இல்லை. சுமார் 1200 வாக்கில் ஆங்கிலத்தில் தென்படும் 'கில்லென்', 'குல்லென்' வடிவங்களுக்கு முதலில் அடித்தல், தாக்குதல் என்பதே பொருள். அதன் வேர் இன்னும் உறுதியாகவில்லை. அடக்குதல் என்ற பொருளில் இன்று வழங்கும் 'குவெல்'லுக்கு (quell) உறவு என்பது பலர் ஏற்கும் கருத்து. 'ஸ்லே' (slay) என்ற சொல்லும் அடித்தலில் தொடங்கிச் சாகடித்தலில் முடிந்ததுதான். தமிழ் 'கொல்'லுக்கோ மலையாளம், கன்னடம் என்று தன் குடும்பத்திலேயே உறவுகள் உண்டு. ஒலி ஒத்துப்போவது உறவாகாது என்பதற்குத் தமிழே சாட்சி: பழஞ்செய்யுளில் ஐயத்தைக் குறிக்கும் 'கொல்' இடைச்சொல்லுக்கும் சாவுக்கும் தொடர்பில்லை.

ஊர்ப் பெயர்களிலும் ஏமாற வேண்டாம். நியூயார்க்கின் கேட்ஸ்கில்லில் இருப்பது ஓடையைக் குறிக்கும் டச்சுச் சொல். அயர்லாந்தின் கில்கென்னியில் இருப்பது தேவாலயத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்.

வழக்குத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாக்கியம் கெட்டுவிடும். 'நேரத்தைக் கொன்றேன்' வேண்டாம், பொழுதைப் போக்கினேன். பங்குச் சந்தையில் ஒருவர் 'கில்லிங்' செய்தால் அவர் கொள்ளை லாபம் பார்த்தார். ஆங்கிலத்தில் 'கில்' என்று வந்தாலும், தமிழில் எஞ்சினை அணைக்க வேண்டும், மசோதாவைத் தோற்கடிக்க வேண்டும். 'பெயின்கில்லர்' வலி நிவாரணி. ஆனால் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி சரியே, அங்கே உண்மையில் ஓர் உயிர் போகிறது. மேடையில் பாடியவர் 'கில்ட் இட்' என்றால் 'கொன்னுட்டான்' என்று பேச்சில் சொல்லலாம். விமர்சனக் கட்டுரையில் 'அசத்தினார்' போதும்.

கணினிப் பாடம் எழுதுவோருக்கு ஒன்று. லினக்ஸில் 'கில்' கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு எண்ணிட்ட ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது, அவ்வளவே. எண் எதுவும் தராவிட்டால் போவது 15: முடித்துக்கொள் என்ற வேண்டுகோள், நிரல் கோப்புகளைச் சேமித்துவிட்டு மூடலாம். 9 அனுப்பினால் அந்த வாய்ப்பு கிடையாது. எனவே முதல் படியிலேயே 9 கொடுக்கச் சொல்லாதீர்கள். 15 அனுப்பிச் சில விநாடி காத்திருந்து, நிரல் அசையாவிட்டால் மட்டும் 9.