கோலிக்குண்டை உருட்டி முடுக்கத்தைப் பிடிப்போம்

இயக்கவியலை வரையறையில் தொடங்கினால் தூக்கம்தான் வரும். ஒரு கோலிக்குண்டு, எலெக்ட்ரிக் கடையில் ஒயர் மூட வாங்கும் பிளாஸ்டிக் பட்டி இரண்டு மீட்டர், ஒரு அளவு டேப், இரண்டு போன். இவ்வளவு போதும்.

படி 1: சரிவு

பட்டியைத் தரையில் போட்டு ஒரு முனையை மட்டும் 4 செ.மீ. உயர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம், குண்டு கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடிவிடும். கலிலியோ சரிவில் வெண்கலக் குண்டை உருட்டியதும் இதற்காகத்தான். நேராக விழும் பொருளை அளக்கத் தோதான கடிகாரம் அவரிடம் இல்லை. மெல்லிய குழாயில் ஒழுகும் நீரைப் பிடித்து, அதை எடை போட்டு நேரம் பார்த்தார். 1638-இல் வெளிவந்த தன் நூலில் இதை விவரிக்கிறார்.

படி 2: சுழியும் திசையும்

மேல்முனை 0. கீழே போவது கூட்டல், மேலே வருவது கழித்தல். குண்டு 200 செ.மீ. ஓடி, முட்டி, 20 செ.மீ. திரும்பி வந்தால் கடந்த தொலைவு 220. இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு தள்ளி என்பது, 180தான்.

படி 3: அளவு

ஒரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். அதுவும் பட்டியும் டேப்பும் சேர்ந்து தெரியும்படி மற்றொன்றில் வீடியோ எடுங்கள். குண்டைத் தள்ளக்கூடாது. ஸ்கேலால் தடுத்து வைத்து, சட்டென்று எடுத்துவிடுங்கள். (நான் விரலால் விட்டபோதெல்லாம் முதல் நொடிக் கணக்கு கெட்டது.) பிறகு நொடிக்கொரு முறை வீடியோவை நிறுத்தி இடத்தைக் குறியுங்கள். எனக்கு வந்தவை: 6, 24, 55, 97, 152 செ.மீ.

படி 4: கழித்தல்

152-ஐ 5-ஆல் வகுத்தால் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 30 செ.மீ. ஆனால் குண்டு எப்படி ஓடியது என்பதை அது சொல்லாது. ஒவ்வொரு நொடியிலும் எவ்வளவு நகர்ந்தது என்று கழித்துப் பாருங்கள்: 6, 18, 31, 42, 55. ஏறத்தாழ 1, 3, 5, 7, 9 மடங்கு! கலிலியோ கண்ட அதே ஒற்றைப்படை வரிசை. நொடிக்கு நொடி வேகம் சுமார் 12 செ.மீ./நொடி கூடுகிறது. அதுதான் முடுக்கம். அலகில் நொடி இரண்டு முறை வருவது அச்சுப்பிழை அல்ல: வேகத்துக்கு ஒரு நொடி, அந்த வேகம் மாறுவதற்கு இன்னொரு நொடி.

படி 5: மேலே சுண்டுங்கள்

இப்போது கீழ்முனையிலிருந்து குண்டை மேலே சுண்டி விடுங்கள். ஏறும்போது திசைவேகம் (திசையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) கழித்தல், இறங்கும்போது கூட்டல். வெறும் வேகத்துக்கு இந்தக் குறி கிடையாது. முடுக்கம் மட்டும் வழியெல்லாம் கூட்டல்தான், உராய்வால் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். இங்கே முடுக்கம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றும். மாட்டை முடுக்கினால் விரைந்து ஓடும், இயற்பியலிலோ குண்டு தளர்ந்து ஏறுவதும் முடுக்கத்தால்தான்.

உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கமும் சுழியா? பலர் ஆமென்று எழுதி மார்க்கை விடும் இடம் இது. சுழியானால் குண்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். வீடியோவை அந்தக் கணத்தில் நிறுத்தி, அரை நொடி நகர்த்திப் பாருங்கள். ஒன்றரை செ.மீ. இறங்கியிருக்கும்.