வீடு மாற்றுகிறீர்களா? முதலில் பூனையைப் பூட்டுங்கள்

ஆனி கடைசியிலும் ஆவணி தொடக்கத்திலும் என் போன் ஓயாது. ஆடியில் பலர் வீடு மாற்ற மாட்டார்கள், அதனால் அதற்கு முன்னும் பின்னும் சென்னையில் தெருவுக்கு ஒரு குட்டியானை வண்டி சாமான் ஏற்றிக்கொண்டு நிற்கும். பூனை காணாமல் போவதும் நாய் மிரண்டு ஓடுவதும் அந்த வாரங்களில்தான் அதிகம். தெருவில் கிடக்கும் குட்டிகளை எடுத்து வளர்த்து நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது என் வேலை என்பதால், "அக்கா, கொஞ்சம் வந்து தேடித் தர முடியுமா?" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் அதே தவறுகள், தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் செய்தவைதான். தண்ணீர்க் கிண்ணம் எடுத்து வையுங்கள், வெயிலில் பூட்டிய காரில் விடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

மளிகைக்கடை அட்டைப்பெட்டி

காசு மிச்சம் என்று மளிகைக்கடையிலிருந்து பழைய பெட்டிகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் முட்டை வரும். புது வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் சமையலறை முழுக்கக் கரப்பான், உடனே மருந்தடிக்க ஆள். பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் பூனைக்கு எமன். நாயின் உடல் தாங்குகிற அளவைப் பூனையின் உடல் தாங்காது, கை கால் வெட்டி இழுக்கும். பெட்டியைப் புதிதாகவே வாங்குங்கள். துணிமணிக்கு மூன்று பிளை, அதாவது மூன்று அடுக்கு அட்டை, போதும், பாத்திரத்துக்கும் புத்தகத்துக்கும் ஐந்து பிளை. கட்டி முடித்த பெட்டிகளை ஒரே நாளில் வீடெல்லாம் குவிக்காமல், இரண்டு வாரம் முன்பே ஒன்றிரண்டைப் பிரித்துக் கூடத்தில் போட்டு வைத்தால் பூனை ஏறி உட்கார்ந்து மோந்து பார்த்துப் பழகிவிடும். பூனையைத் தூக்கிக்கொண்டு போகும் கேரியரையும் அப்போதே வெளியே எடுத்து, கதவைத் திறந்து, பழைய துண்டை விரித்து வையுங்கள். பரண்மேலிருந்து கேரியர் இறங்கினாலே டாக்டரிடம் ஊசி என்று தெரிந்து வைத்திருக்கிற பூனையை, கிளம்புகிற நாளில் அதற்குள் திணிக்க முடியாது.

அந்துருண்டை

பட்டுப்புடவைப் பெட்டியில் நாலு போட்டு மூடுவது எல்லா வீட்டிலும் உண்டு. நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், நாய்க்குட்டி ஒரு உருண்டையை விழுங்கினாலே ஆபத்து. காய்ந்த வேப்பிலை போடுங்கள்.

கயிறு, நாடா, ஸ்ட்ராப்

பெட்டி கட்டும் பிளாஸ்டிக் ஸ்ட்ராப், சணல், டேப் துண்டு எதையும் தரையில் விடாதீர்கள். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டைப் பக்கமாகத் திரும்பியவை, வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். அந்த நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிட்டால் ஆபரேஷன்தான். மலவாயில் நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுத்துவிடாதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எல்லாவற்றையும் துவைத்துக் கட்டுவது

புது வீட்டுக்கு அழுக்கோடு போகக்கூடாது என்று பூனை படுக்கும் போர்வை, நாயின் மெத்தை உறை எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசிவிடுவார்கள். முன்பின் தெரியாத வீட்டில் அவற்றுக்குத் தெரிந்தது அந்த வாசனை ஒன்றுதான். கிளம்பும்வரை துவைக்காதீர்கள். பூனை மலஜலம் கழிக்கும் மண் தட்டு, கிண்ணம், பழைய போர்வை, நாலைந்து நாள் சாப்பாடு, மருந்து, தடுப்பூசி அட்டை இவ்வளவையும் தனிப் பையில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் போகிற பெட்டிக்குள் இவை போகக் கூடாது.

சாமான் ஏற்றும் நாளில் பூனையைச் சும்மா விடுவது

எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம் இது, எழுதும்போதே கோபம் வருகிறது.

"அது எங்கயாவது பதுங்கிக்கும்க்கா, கடைசியில பிடிச்சுக்கலாம்." எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பதுங்குவது உண்மைதான். ஆனால் எங்கே பதுங்கும்? காலை ஏழு மணிக்கு முன்பின் தெரியாத நாலு ஆட்கள் உள்ளே வருகிறார்கள், டேப் கிழிக்கும் சத்தம், பீரோவை இழுக்கும் சத்தம், வாசல் கதவு மாலைவரை மூடாமல் திறந்தே கிடக்கிறது. அந்தப் பூனை தனக்குப் பழக்கமான இடத்துக்குள்தான் ஓடும், அதாவது சோபாவுக்குள், திவானின் பெட்டிக்குள், பீரோவின் கீழ்த்தட்டுக்குள். அந்த இடங்கள்தான் அன்றைக்கு லாரியில் ஏறப்போகின்றன.

பெரம்பூரிலிருந்து மேடவாக்கம் போன ஒரு குடும்பம். மூன்று வயதுப் பெண் பூனை, வெளியே போய்ப் பழக்கமே இல்லாதது. சாமான் எல்லாம் போன பிறகு காலி வீட்டில் தேடுகிறார்கள், காணோம். எனக்குப் போன் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "சோபாவின் அடித்துணி கிழிந்திருந்ததா?" என்பது. சோபாவுக்கு அடியில் மெல்லிய கறுப்புத் துணி ஒன்று அடித்திருப்பார்கள், பூனை வளர்க்கும் வீட்டில் அது ஒரு மூலையில் கட்டாயம் கிழிந்திருக்கும், அந்த வழியாக ஸ்பிரிங்குக்கு நடுவே ஏறிப் படுத்துக்கொள்ளும். கிழிந்துதான் இருந்தது. அந்த சோபாவை ஸ்ட்ரெச் பிலிம் போட்டு ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, வண்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, மேலே மெத்தையைப் போட்டுவிட்டார்கள். மேடவாக்கத்தில் இறக்கிப் பிலிமை வெட்டியபோது உள்ளே இருந்தது, உயிரோடு இருந்தது, ஆனால் நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பூனை அப்படி மூச்சு வாங்கினால் நேரம் கடத்தவே கூடாது. டாக்டரிடம் போய் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தது. பெட்டி வைத்த கட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட இன்னொரு பூனை பிழைக்கவில்லை.

இதில் எனக்குக் கூடுதல் எரிச்சல், பழியை லோடுமேன் மேல் போடுவதுதான். "அவங்கதான் கதவைத் திறந்து விட்டுட்டாங்க" என்கிறார்கள். பீரோவைத் தலையில் வைத்திருப்பவர் கதவை எப்படி மூடுவார்? பூனை இருப்பதை யார் அவரிடம் சொன்னது? நம் பூனைக்கு நாம்தான் பொறுப்பு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆட்கள் வருவதற்கு முன்பே, முதல் பெட்டி நகர்வதற்கு முன்பே, பூனையைக் கேரியரோடும் மண் தட்டோடும் தண்ணீரோடும் ஒரு அறையில் விட்டு வெளியே பூட்டுங்கள். தாழ்ப்பாள் போதாது, பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 'பூனை உள்ளே இருக்கிறது' என்று தாள் ஒட்டினால் மட்டும் போதாது, சாமான் தூக்க வருபவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாது, நேரில் காட்டிச் சொல்லுங்கள். காலியாக இருக்கிறதே என்று குளியலறையில் விடுபவர்கள் மேலே பாருங்கள்: எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய ஓட்டை, வென்டிலேட்டரில் உருவி எடுத்த கண்ணாடிப் பட்டை. பூனைக்குத் தலை நுழைந்தால் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். அந்த அறையின் சாமானை முந்தின நாளே வெளியே எடுத்துவிடுங்கள், அப்படியென்றால் அந்தக் கதவைத் திறக்க யாருக்கும் வேலை இருக்காது. வண்டி கிளம்பிய பிறகு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, அப்புறம் பூனையைக் கேரியரில் ஏற்றுங்கள்.

கேரியர் என்றேன். வயர்கூடை மேல் துண்டைக் கட்டியோ அரிசிச் சாக்கில் ஓட்டை போட்டோ கொண்டுபோகாதீர்கள். துணிக் கேரியராக இருந்தால் ஜிப்பின் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு ஊக்குக் குத்திவிடுங்கள். மூக்கை வைத்து நெம்பி நெம்பியே ஜிப்பைத் திறந்துவிடும், நடு ரோட்டில் ஆட்டோவில் அது நடந்தால் அவ்வளவுதான்.

அப்படியும் ஓடிவிட்டால், ஊரெல்லாம் அலையாதீர்கள். வீட்டுப் பூனை பயத்தில் தூரம் போகாது, பெரும்பாலும் இரண்டு மூன்று வீடு தள்ளித்தான் இருக்கும்: மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூமில், நிறுத்தி வைத்த காருக்கு அடியில். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்காது. பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் இன்னும் உள்ளே போகும். தெரு அடங்கிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு மேல், அது யார் கையில் சாப்பிடுமோ அவர் மட்டும் டார்ச்சோடு போய்த் தரை மட்டத்தில் அடித்துப் பாருங்கள், கண் பளபளவென்று மின்னும். பக்கத்துத் தெருவுக்கோ அடுத்த ஏரியாவுக்கோ மாறியிருந்தால் பழைய வீட்டிலும் தேடுங்கள். கிளம்பும்போதே அந்தத் தெரு இஸ்திரிக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் போன் நம்பர் கொடுத்து வைத்திருந்தால் இந்த நேரத்தில் கை கொடுக்கும்.

பால் காய்ச்சும்போது திறந்துவிடுவது

சொந்தக்காரர்கள், சாம்பிராணிப் புகை, திறந்த வாசல், இதற்கு நடுவே "இதுவும் நம்ம வீட்டைப் பார்க்கட்டுமே" என்று கேரியரைத் திறப்பார்கள். வேண்டாம். முதலில் ஒரே ஒரு அறை. அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டு, மண் தட்டில் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்த பிறகு அடுத்த அறை. மூன்று வாரமாவது வாசல் தாண்ட விடாதீர்கள். தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தால் மறுபடி வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள், அதில் கலந்திருக்கக்கூடிய ஃபீனாலை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, அதுவோ காலை நக்கிக்கொண்டே இருக்கும். சிங்க்குக்கு அடியிலும் பரணிலும் முன்பு இருந்தவர்கள் வைத்த எலி மருந்து கிடக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மாடி வீடென்றால் பால்கனியில் புறாவலை அடித்த பிறகுதான் குடி போக வேண்டும்.

தூங்க வைக்க மாத்திரை

டாக்டர் எழுதிக் கொடுக்காத எதையும் தராதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

லாரியின் பின்பக்கம் நாயைக் கட்டுவது

கூடவே கூடாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் குடி போவது

தள்ளிப் போடுங்கள். வெடிச் சத்தத்தில் ஓடும் நாய்க்குப் புதுத் தெருவில் திரும்பி வர வழி தெரியாது.

நாய் சமாளித்துக்கொள்ளும் என்று நினைப்பது

நாய்க்கு இடத்தைவிட ஆள் முக்கியம் என்பதால் பூனை அளவுக்குத் தவிக்காது, அதை நம்பித்தான் எல்லோரும் முதல் நாளே வீட்டில் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறார்கள். அது நாள் முழுக்க ஊளையிடும், அடுத்த வாரம் அசோசியேஷனிலிருந்து ஆள் வருவார். நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, ஆனால் அந்தச் சண்டையோடு புது வீட்டு வாழ்க்கையைத் தொடங்குவானேன்? முதல் சில நாள் லீவு போடுங்கள். ஐந்து நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு கால் மணி, பிறகு அரை மணி என்று பழக்குங்கள். முதல் நடையைத் தெருநாய்கள் சுறுசுறுப்பாகத் திரியும் நேரத்தில் வைக்காதீர்கள், காலரோடு மார்புப் பட்டையும் சேர்த்துப் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். காலரில் இருக்கும் போன் நம்பர் இப்போதும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

ரயிலைக் கடைசி நேரத்தில் நம்புவது

கோயம்புத்தூர், மதுரை என்று போகிறவர்கள் ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ நாயை ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூப்பேயையோ நான்கு பேர் கேபினையோ முழுதாக எடுத்தால் உங்களோடு வைத்துக்கொள்ளலாம், அதுவும் எது கிடைக்கும் என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். இல்லையென்றால் பிரேக் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி, இருட்டு, தனிமை, சத்தம். என் கையால் வளர்ந்த எதையும் அதில் அனுப்ப மனசு வராது. எதுவானாலும் பார்சல் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும், உடல்நலச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் வேண்டும். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் ரயிலுக்கு மட்டுமல்ல, சாலைப் பயணத்துக்கும் டாக்டர் சான்றிதழைக் கேட்கின்றன. என்னைக் கேட்டால் கார்தான் நல்லது: விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் தாண்டிவிடலாம், கிளம்புவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், வழியில் பூனையின் கேரியரை மட்டும் எதற்காகவும் திறக்காதீர்கள், எவ்வளவு கத்தினாலும் சரி.