1.8 என்றால் 1.8 என்ன?

தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பற்றிய மாணவர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திருத்த உட்கார்ந்தால், முதல் வரியே 'மனித வாழ்வுக்கு நீர் இன்றியமையாதது' என்றுதான் இருக்கும். பென்னாகரம் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பது முப்பது பக்கம் தள்ளி ஓர் அட்டவணைக்குள் ஒளிந்துகிடக்கும்.

யார் படிக்கப்போகிறார் என்று யோசிக்காமல் எழுதுவதுதான் பெரிய தவறு. மார்க் போடுகிற ஆசிரியர் கடைசிவரை புரட்டுவார். அது அவர் வேலை. ஊராட்சி அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. முதலில் வைக்கும் சுருக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள். முடிவை அதிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து எண்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். '1.8 ஃப்ளோரைடு இருந்தது.' லிட்டருக்கு மில்லிகிராமா? எந்த ஊர் போர்வெல், எத்தனை அடி, கோடையில் எடுத்த மாதிரியா, மழைக்குப் பிறகா? இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறது. எந்த அளவோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாமல் 'வரம்பை மீறவில்லை' என்று முடித்தால், 1.2 காட்டிய கிணற்றை என்ன செய்வது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வரும் ஊரில் அந்த 1.5 சலுகையே பொருந்துமா என்றும் எழுத வேண்டும். 'கணிசமாக', 'ஓரளவு' என்பதெல்லாம் அளக்காதவர்கள் எழுதும் சொற்கள்.

சீனியர் ரிப்போர்ட்டைக் காப்பியடித்தால் அதிலுள்ள பிழையும் சேர்ந்தே வரும். 'கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு நீங்கும்' என்ற வரியைப் பல ரிப்போர்ட்டுகளில் கோடு போட்டு அடித்திருக்கிறேன். கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர்தான். ஃப்ளோரைடு அப்படியே தங்கி, செறிவு கூடும்.

மின்னஞ்சல் பற்றியும் ஒரு வார்த்தை. ஓசூர் சிப்காட் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போதும் பள்ளிக்கூட லீவ் லெட்டர் நடைதான் வருகிறது: 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பது இரண்டு தடவை. எந்தத் துறை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வாரம் என்பது ஒரு தடவைகூட இல்லை. தலைப்பு காலி. இணைத்த கோப்பின் பெயர் 'ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2'.