கறுப்பு வெள்ளை வார் படம் பாக்க ஆரம்பிக்கிறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

கலர்ல, டால்பி அட்மாஸ்ல, குண்டு காதுக்கு பக்கத்துல வெடிக்கிற மாதிரி வார் படம் பாத்து வளர்ந்தவங்களுக்கு 1950கள்ல வந்த ஒரு கறுப்பு வெள்ளை படத்தை போட்டுக் காட்டினா முதல் பத்து நிமிஷத்துல கை தானா போனுக்குப் போகும், அது இயல்புதான். ஆனா இந்தப் படங்களை எப்படி பாக்கணும்னு பிடிபட்டுச்சுன்னா அப்புறம் விடவே மாட்டீங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு, இதுல துப்பாக்கியைப் பாக்காதீங்க, மூஞ்சியைப் பாருங்க. மத்த ஸ்டெப் எல்லாம் அதுக்காகத்தான்.

ஸ்டெப் 1: டிவியை சரி பண்ணுங்க

சின்ன விஷயம்தான், ஆனா பாதி பேருக்கு படம் பிடிக்காமப் போறதே இதனாலதான். டிவில 'விவிட்' மோட் இருந்தா வெள்ளை எல்லாம் நீலமாத் தெரியும், அதை மாத்தி 'சினிமா' இல்லன்னா 'ஃபிலிம்மேக்கர்' மோட்ல வைங்க. மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், கம்பெனிக்கு கம்பெனி பேர் மாறும், அது ஆன்ல இருந்தா பழைய படம் சீரியல் மாதிரி வழுக்கிட்டு ஓடும், அதை ஆஃப் பண்ணிடுங்க. பழைய படங்கள்ல நிறைய 4:3 அளவுல எடுத்தது, ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை வரும், அதைப் பாத்துட்டு ஜூம் பண்ணீங்கன்னா நெத்தியும் தாடையும் வெட்டுப்பட்டுப் போயிடும். கலர் ஏத்தின வெர்ஷன் கிடைச்சாலும் வேண்டாம். நம்ம ஊர் மத்தியான வெயில்ல எந்த ஸ்க்ரீன் போட்டாலும் கறுப்பு சாம்பலாத்தான் தெரியும், அதனால ராத்திரி சாப்பாடு முடிச்சு லைட்டை அணைச்சுட்டு உக்காருங்க.

ஸ்டெப் 2: முதல் படம், 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்'

1959ல வந்த ரஷ்யப் படம், டைரக்டர் கிரிகோரி சுக்ராய், அவரே ரெண்டாம் உலகப் போர்ல சண்டை போட்டு காயம்பட்டவர். ஒன்றரை மணி நேரம்தான். மாஸ்ஃபிலிம் கம்பெனியோட யூடியூப் சேனல்ல தேடிப் பாருங்க, இங்கிலீஷ் சப்டைட்டிலோட கிடைக்கும்.

கதை ரொம்ப சிம்பிள். 19 வயசுப் பையன் அல்யோஷா, பயத்துல ஓடி ஓடி கடைசியில ரெண்டு டேங்கை அடிச்சுடுறான். மெடல் குடுக்குறேன்னு ஜெனரல் சொல்றப்போ, அதுக்குப் பதிலா லீவு குடுங்க, அம்மாவைப் பாத்துட்டு வீட்டுக் கூரையை சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துடுறேன்னு கேக்குறான். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள், கூரை வேலைக்கு ரெண்டு நாள், மொத்தம் ஆறு நாள் லீவு. ரயில் ரயிலா மாறி ஊருக்குப் போறான், வழியில யாருக்கு என்ன கஷ்டம்னாலும் நின்னு உதவி பண்றான், கையில இருக்கிற நேரம் கரைஞ்சுக்கிட்டே இருக்கு. அவ்ளோதான் படம்.

இதுல டேங்க் துரத்துற சீனை மட்டும் ரெண்டாவது தடவை போட்டுப் பாருங்க. வெட்டவெளி, ஒளிய ஒரு மரம் கூட இல்ல, ஒத்தை ஆள் ஓடுறான், பின்னாடி டேங்க், கேமரா மேல இருந்து பாக்குது, ஒரு கட்டத்துல உலகமே தலைகீழா திரும்பிடுது, வானம் கீழ டேங்க் மேல. ரத்தம் கிடையாது, பெரிய வெடி கிடையாது. அந்தப் பையனுக்கு பயத்துல தலை சுத்துறது நமக்கும் சுத்துது. சண்டைன்னு படத்துல இருக்கிறது கிட்டத்தட்ட அவ்ளோதான், மீதி முழுக்க மனுஷங்க. அம்மாவையும் கூட உக்கார வைங்க, சப்டைட்டில் படிக்க வரலன்னா நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க, பாதிக்கு மேல நீங்க சொல்லவே தேவைப்படாது.

ஸ்டெப் 3: வெளிச்சத்தை கவனிக்கப் பழகுங்க

இதுக்கு 'பாத்ஸ் ஆஃப் க்ளோரி', 1957, ஸ்டான்லி குப்ரிக். முதல் உலகப் போர், பிரெஞ்சு ராணுவம். பிடிக்கவே முடியாத ஒரு மேட்டைப் பிடிக்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போடுறார், முடியாமப் போகுது, உடனே கோழைத்தனம்னு சொல்லி மூணு சிப்பாய்களைப் பொறுக்கி எடுத்து கோர்ட் மார்ஷல் பண்றாங்க. பிரான்ஸ்ல இந்தப் படம் 1975 வரைக்கும் தியேட்டருக்கே வரல.

பாக்கும்போது ரெண்டு இடத்தை மட்டும் ஒப்பிட்டுக்கிட்டே வாங்க. ஜெனரல்கள் இருக்கிறது அரண்மனை, பெரிய ஜன்னல், வெளிச்சம் கொட்டுது, தரை கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், நடந்தா பூட்ஸ் சத்தம் எதிரொலிக்கும். சிப்பாய்கள் இருக்கிறது பதுங்குகுழி, சேறும் முகமும் ஒரே சாம்பல், எது மண்ணு எது மனுஷன்னு சில ஷாட்ல தெரியாது. கர்னலா வர்ற கிர்க் டக்ளஸ் தாக்குதலுக்கு முன்னாடி அந்தக் குழி வழியா நடந்து வருவார், கேமரா முன்னாடி பின்வாங்கிக்கிட்டே போகும், ரெண்டு பக்கமும் சுவத்தோட ஒட்டி நிக்கிறவங்க முகத்தை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க, டயலாக்கே வேண்டாம். கலர்ல எடுத்திருந்தா யூனிஃபார்ம் நீலமும் ரத்தச் சிவப்பும் கண்ணை இழுத்திருக்கும், இங்க கண்ணுக்குப் போக வேற இடமே இல்ல, மூஞ்சிக்குத்தான் போயாகணும். கறுப்பு வெள்ளையோட பலமே அதுதான்னு நான் நினைக்கிறேன். கடைசி சீன்ல ஒரு ஜெர்மன் பொண்ணு பாட வர்றப்போ தயவுசெஞ்சு எழுந்து போயிடாதீங்க.

ஸ்டெப் 4: இன்னும் பழசுக்குப் போங்க

'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்', 1930 வெர்ஷன், 2022ல வந்தது இல்ல. சினிமாவுக்கு சத்தம் வந்து கொஞ்ச வருஷத்துலயே எடுத்தது, அதனால சில இடத்துல நடிப்பு நாடகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க. மெஷின் கன் முன்னாடி வரிசையா ஓடி வர்றவங்க விழுற சீன் இன்னிக்கும் வயித்தைப் பிசையும். முதல் உலகப் போர்ல சண்டை போட்ட ஜெர்மன் சிப்பாய்களோட கதையை அமெரிக்காக்காரங்க எடுத்தது. பெர்லின்ல ரிலீஸ் ஆனப்போ நாஜிகள் தியேட்டருக்குள்ள எலிகளை விட்டு, நாத்தக் குண்டு போட்டு ஷோவை நிறுத்தினாங்க. போருக்கு ஆள் சேக்குறவங்களுக்கு இந்தப் படம் அவ்வளவு பயத்தைக் குடுத்திருக்கு.

முதல் உலகப் போர் நமக்கு எங்கயோ நடந்ததுன்னு தோணும், ஆனா 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டது நம்ம மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய் டேங்க் மேலதான், ஹைகோர்ட் பக்கம் போனா மதில்ல கல்வெட்டு இருக்கு பாருங்க.

ஸ்டெப் 5: நம்ம ஊர் படம்

'ரத்தத் திலகம்', 1963, சிவாஜி, சாவித்திரி. 1962 சீனப் போர் முடிஞ்ச சூட்டோட வந்த படம். 'பசுமை நிறைந்த நினைவுகளே' பாட்டு இதுலதான், 'ஒரு கோப்பையிலே' பாட்டுல கண்ணதாசனே வந்து நடிச்சிருப்பார். மேல சொன்ன படங்களோட ஒப்பிட்டா இது தேசபக்திப் படம், போரைக் கேள்வி கேக்காது, அந்த வித்தியாசத்தை தெரிஞ்சுக்கவே பாக்கலாம். அதே போரை வெச்சு சேத்தன் ஆனந்த் 1964ல இந்தியில எடுத்த 'ஹகீகத்'தையும் கூட சேத்துக்கோங்க, லடாக் மலையில பின்வாங்குற சிப்பாய்களோட களைப்பு அதுல நல்லா வந்திருக்கும்.

ஸ்டெப் 6: ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நந்தம்பாக்கம்

மவுண்ட் பூந்தமல்லி ரோட்டுல மெட்ராஸ் வார் செமட்டரி இருக்கு, போர்ல செத்த சிப்பாய்களோட கல்லறை, பஸ்ல போறப்போ எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பீங்க. உள்ள போய் கல்லுல எழுதியிருக்கிற வயசை மட்டும் படிச்சுக்கிட்டே நடங்க, இருபது சொச்சம் வயசு நிறைய வரும். அங்க போயிட்டு வந்து அல்யோஷா படத்தை திரும்பப் போட்டா வேற மாதிரி தெரியும்.

அடுத்தது என்னன்னு கேட்டா, 'தி க்ரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' (1957), அதுல கதாநாயகி பஸ்ல இருந்து இறங்கி கூட்டத்துக்குள்ள ஓடுற ஷாட்டை கேமராமேன் உருசெவ்ஸ்கி எப்படி எடுத்தார்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் ஜெர்மன் படம் 'தி பிரிட்ஜ்' (1959), ஸ்கூல் பசங்க கையில துப்பாக்கியைக் குடுத்து பாலத்தைக் காக்கச் சொல்ற கதை, வீட்டுல பத்தாவது ப்ளஸ் டூ படிக்கிற பையன் இருந்தா கொஞ்சம் தைரியம் பண்ணிட்டு உக்காருங்க. ரஷ்ய டைரக்டர் தர்கோவ்ஸ்கியோட 'இவான்ஸ் சைல்ட்ஹுட்' (1962) கடைசியா வைங்க, கனவும் நிஜமும் மாறி மாறி வரும், முதல் படமா பாத்தா குழம்பும், இவ்வளவும் பாத்துட்டுப் போனா குழம்பாது.