பதின்வயதுப் பிள்ளைகளோடு லண்டனில் ஒரு வாரம்: திட்டமிடுவது எப்படி?

எட்டு நாளில் ஐந்து நாடு என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜ் சுற்றுலாக்களில், விடிவதற்கு முன்பே பெட்டியைப் பேருந்தில் ஏற்றியாக வேண்டும். 13 வயதுப் பையனையும் 16 வயதுப் பெண்ணையும் அப்படித் தினமும் எழுப்பினால், மூன்றாம் நாளே வீட்டுச் சண்டை வெளிநாட்டுக்கு வந்துவிடும். இந்த வயதுப் பிள்ளைகளோடு போவதென்றால் ஒரே நகரத்தில் ஒரு வாரம் தங்குவதே நல்லது. பெரிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதாலும், பேருந்தையும் ரயிலையும் பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிக்கொள்வார்கள் என்பதாலும் நாங்கள் லண்டனைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். இந்தியாவில் சிறுவர்களுக்குத் தரப்படும் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டு அல்லது 18 வயது நிறையும்வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும்; பெற்றோருடையது 10 ஆண்டு என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிரிட்டனின் சுற்றுலா விசாவுக்குப் பயண நாளுக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் போவதாக இருந்தால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கோடை விடுமுறைக்கு மே மாதம் பொருத்தமானது; மாதக் கடைசியில் அங்கே இரவு 9 மணிக்குத்தான் சூரியன் மறையும். ஆனால் அந்தக் கடைசி வாரத்தில் ஆங்கிலேயப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால், அறிவியல் அருங்காட்சியகத்தில் நெரிசல் அதிகம். மாதத்தின் முதல் மூன்று வாரங்களே தோது.

தங்கும் இடத்தைப் பதிவு செய்யும்போது பிள்ளையின் வயதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். பல விடுதிகளின் குடும்ப அறைகளில் 15 வயதுவரைதான் சிறுவர் கணக்கு. 16 ஆகிவிட்டால் இன்னோர் அறை எடுக்க நேரிடும்.

அடுத்து நாள்களைப் பங்கிடுவது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நாள் என்று பிரித்துக்கொண்டோம். அந்த நாளின் இடம், வழி, மதிய உணவு மூன்றையும் அவரவரே தேடித் தீர்மானிக்க வேண்டும், மற்றவர்கள் முனகாமல் பின்தொடர வேண்டும். மகன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளைக் கேட்டான். மகள் கேம்டன் சந்தையையும் மாலையில் ஒரு நாடகத்தையும் கேட்டாள். மைதானங்களில் போட்டி நாளன்று இத்தகைய சுற்றுகள் பெரும்பாலும் இருக்காது என்பதால், தேதியைச் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். உயரத்திலிருந்து நகரைக் காண, உயர்ந்த கட்டடமொன்றின் உச்சியிலுள்ள ஸ்கை கார்டன் தோட்டம் இலவசம்தான், ஆனால் முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது உறுதியில்லை.

நேர வித்தியாசத்தையும் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது. வீட்டில் 9 மணிவரை தூங்கும் பிள்ளை அங்கே முதல் இரண்டு நாள் அதிகாலை 5 மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே, காலையில் கதவு திறக்கும்போதே போய் நிற்க வேண்டிய லண்டன் கோபுரம் போன்ற இடங்களை அந்த இரண்டு நாளில் வைத்துவிடுங்கள். 1849இல் பஞ்சாபிலிருந்து பறிக்கப்பட்ட கோஹினூர் வைரம் அங்கேதான் இருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டால் மதிய உணவுவரை பேச்சு ஓடும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை முழுவதும் பார்க்க முயலாதீர்கள். ரொசெட்டா கல், அமராவதிச் சிற்பங்கள் என்று பத்துப் பொருள்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவது உத்தமம்.

போக்குவரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேருந்திலும் ரயிலிலும் கருவியில் தொட்டுக் கட்டணம் செலுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். ஓர் அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது. ஒரே அட்டையை நாள் முழுவதும் தொட்டால், எவ்வளவு சுற்றினாலும் கட்டணம் ஓர் உச்சவரம்போடு நின்றுவிடும். 11 முதல் 15 வயதுவரை உள்ள வெளியூர்ப் பிள்ளைகளுக்கு, ஆய்ஸ்டர் என்னும் லண்டன் பயண அட்டையில் 14 நாளுக்கு அரைக்கட்டணச் சலுகையை நிலைய ஊழியர் பதிந்து தருவார். பெரியவர் ஒருவர் உடன் நின்று கேட்க வேண்டும்.

சுரங்க ரயிலில் ஏறுவதற்கு முன், பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஏறிவிட்டவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அந்த நடைமேடையிலேயே நிற்க வேண்டும். விடுபட்டவர் அடுத்த வண்டியில் வந்து சேர வேண்டும். லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்தில் மகன் ஒரு சுவரொட்டியைப் படித்துக்கொண்டு நின்ற நேரத்தில் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு விரலை உயர்த்தி “அடுத்தது” என்று காட்டினான். அங்கிருந்து கவென்ட் கார்டன் முந்நூறு மீட்டர்கூட இல்லை, லண்டன் சுரங்க ரயிலிலேயே மிகக் குறுகிய இடைவெளி அதுதான். ஆனால் அங்கே இறங்கி அடுத்த வண்டிக்காக நின்ற அந்தச் சில நிமிடங்களில், அவனுடைய தாய் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியிலிருந்து அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். விடுதியின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும், ஏனென்றால் சுரங்கத்துக்குள் எல்லா இடத்திலும் செல்பேசி எடுக்காது. தெருவோரத்தில் செல்பேசியைக் கையில் நீட்டி வழி பார்க்கவும் விடாதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவது அங்கே சகஜம்.

உணவைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். யூஸ்டன் அருகே டிரம்மண்ட் தெருவில் சைவ உணவகங்கள் வரிசையாக உள்ளன. தோசைக்கு ஏங்கினால் கிழக்கே ஈஸ்ட் ஹாமுக்குப் போனால் கடைப் பலகைகளையே தமிழில் படிக்கலாம்.

கடைசி நாளைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள். எங்களை அவர்கள் கிங்ஸ் கிராஸிலிருந்து பேங்க் நிலையத்துக்கும், அங்கிருந்து ஓட்டுநர் இல்லாத டிஎல்ஆர் ரயிலின் முன்னிருக்கையில் உட்காரவைத்து கிரீனிச்சுக்கும் கூட்டிப் போனார்கள். அங்குள்ள வானாய்வுக் கூடத்தின் முற்றத்தில் பூஜ்ய தீர்க்கரேகைக் கோட்டின் மேல் நிற்கக் கட்டணம் உண்டு. மதிலுக்கு வெளியே, கீழேயுள்ள நடைபாதையிலும் அதே கோடு தொடர்கிறது, அங்கே கட்டணமில்லை என்று மகள் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.