மசாலைப் பொட்டலத்துக்குப் பார்கோடு லேபிள் அச்சிடுவது எப்படி?

பினாங்கில் அரைக்கும் மசாலைத் தூளைப் பேரங்காடிகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள், முதலில் பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 மலேசியா அமைப்பில் உறுப்பினராகி, 955 என்று தொடங்கும் 13 இலக்க இஏஎன் (கடைப் பொருள்களுக்கான பார்கோடு) எண்ணைப் பெற வேண்டும். சொந்தக் கிடங்கின் கணக்குக்கு மட்டுமென்றால், எழுத்தையும் எண்ணையும் ஏற்கும் கோட் 128 என்ற பார்கோடு வகை போதும்.

அச்சில்தான் கூடுதல் கவனம் தேவை. இஏஎன் குறியின் இயல்பான அகலம், இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர், அதை 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக் கூடாது. அந்த வெற்றிடத்தில் விலையை நுழைத்தால், குறி எங்கே தொடங்குகிறது என்பதை ஸ்கேனர் அறியாமல் போகலாம். மங்கலம் கருதிச் சிவப்புக் கோடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு அவை வெள்ளைத் தாளோடு கலந்துவிடும். ரிப்பன் (மை நாடா) இல்லாத வெப்ப அச்சு வெயிலில் மங்கும் என்பதால், மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் பொட்டலத்துக்கு ரிப்பன் அச்சையே பரிந்துரைக்கிறேன். மொத்தமாக அச்சிடுமுன் ஒரு லேபிளை ஒட்டி, ஸ்கேனரில் சோதித்துப் பாருங்கள்.