ஓஜிஜி1 நொதியைத் திரையில் பார்ப்பது எப்படி? ரிப்பனை விடுங்கள், காரத்தில் தொடங்குங்கள்

ஒரு புரதத்தின் அமைப்பைத் திரையில் திறந்தால் முதலில் சுருள் சுருளாக ரிப்பன்கள்தான் தெரியும். அழகாக இருக்கும், ஆனால் ஒன்றும் புரியாது. அதனால் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஓஜிஜி1 நொதியை உள்ளிருந்து வெளியே பார்க்கச் சொல்வேன்: முதலில் பழுதான காரம் (டிஎன்ஏவின் ஓர் எழுத்து), அப்புறம் அதைப் பிடித்திருக்கும் கை.

புரத அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் 1ஈபிஎம் என்று (எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து) தேடுங்கள். மனித ஓஜிஜி1, டிஎன்ஏவோடு சேர்ந்த நிலையில், 2000-இல் வெளியான அமைப்பு. அதை முப்பரிமாணத்தில் காட்டும் மோல்ஸ்டார் என்ற கருவி உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். மேலே உள்ள வரிசையில் டிஎன்ஏ இழையைத் தேர்ந்தெடுத்து, 8ஓஜி என்ற எழுத்தைச் சொடுக்குங்கள். அதுதான் ஆக்சிஜன் ஏறிப் பழுதான குவானின். மற்றக் காரங்களெல்லாம் இழைக்குள் அடுக்காக இருக்க, இது மட்டும் வெளியே புரட்டப்பட்டு நொதியின் பைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். காலியான இடத்தில் அஸ்பராஜின் 149 (நொதியின் 149-ஆம் அமினோ அமிலம்) மூக்கை நுழைத்திருக்கும்.

இப்போது கிளைசின் 42-ஐத் தேடுங்கள், நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். குவானினின் 8-ஆம் இடத்தில் ஆக்சிஜன் ஏறினால் பக்கத்திலுள்ள 7-ஆம் நைட்ரஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் வந்துவிடும், சாதாரண குவானினில் அது கிடையாது. நொதி பிடிப்பது நாம் எதிர்பார்க்கிற அந்த ஆக்சிஜனை இல்லை, இந்த ஒற்றை ஹைட்ரஜனை! கிளைசின் 42-இன் கார்பனைல் ஆக்சிஜன்தான் அதைத் தொடுகிறது. ஆனால் ஹைட்ரஜனைத் திரையில் தேடி ஏமாறாதீர்கள், இந்த அமைப்பின் 2.1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் அது தெரியாது. அந்த 7-ஆம் நைட்ரஜனுக்கும் கிளைசினின் ஆக்சிஜனுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள், 3 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் வந்தால் பிணைப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து 249-ஆம் அமினோ அமிலம். பாடப்புத்தகத்தில் லைசின் என்று இருக்கும், இங்கே குளூட்டமின் இருக்கும். நானும் முதல் தடவை தப்பான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று குழம்பினேன். லைசின் இருந்தால் அது சர்க்கரையின் முதல் கார்பனைத் தாக்கி, காரத்தை வெட்டி எறிந்து வேலையை முடித்துவிடும், படம் பிடிக்க எதுவும் மிஞ்சாது. அதனால்தான் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தைச் சுத்தம் செய்து நிரப்புவது ஏபிஈ1, பாலிமரேஸ் பீட்டா, லிகேஸ் என்ற வேறு நொதிகள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை.

கடைசியாக எதிர் இழையைத் திருப்பிப் பாருங்கள். ஜோடியை இழந்து தனியாக நிற்கும் சைட்டோசினை ஆர்ஜினின் 154, 204 இரண்டும் பிடித்திருக்கும். இது சும்மா பிடிமானம் இல்லை. எதிரே அடினின் நுழைந்துவிட்ட பிறகு குவானினை வெட்டினால் தப்பான எழுத்தே நிரந்தரமாகிவிடும், அதனால் சைட்டோசின் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓஜிஜி1 கத்தியை எடுக்கிறது. அடினினை நீக்க மியூட்ஒய்எச் என்று வேறொரு நொதி இருக்கிறது.